கடைசி வரி மட்டும் பாக்கி

ஒலுவில்,
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, மச்சான், நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் சுகத்தை நீ சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். போன் எடுத்தால் மணி போகிறது, ஆள் இல்லை. அதனால் அந்தக் காலத்தில் வாப்பாவுக்குச் சவூதிக்கு எழுதிய மாதிரி நீளமாக ஒரு கடிதத்தை ஈமெயிலில் போடுகிறேன். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. போன் என்றால் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நடுவில் வந்து குந்திவிடுவா.

விஷயம் இதுதான். போன வெள்ளத்தில் மச்சானின் சம்மாந்துறை வயல் அப்படியே அழுகிப் போனது. இந்தப் போகம் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லும் வராது. நான் ஆங்கிலம் படிப்பித்து எடுக்கிற சம்பளம் உம்மாவின் மருந்துக்கும் அடுப்புக்கும் சரி. அதனால் வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுவது என்று முடிவெடுத்துவிட்டோம். அலைச்சறுக்க அறுகம்பேக்குப் போகிற வெள்ளைக்காரர் எல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போகிறார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அறைகளும் சும்மா கிடக்கின்றன. கீழே இரண்டு, மேல்மாடியில் இரண்டு என்று நாலு அறை கொடுக்கப் போகிறோம். நாங்கள் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். மேல்மாடி நீ உழைத்து அனுப்பிக் கட்டியது. அதிலும் கடல் பக்கத்து மூலை அறைக்குத்தான் ஆட்கள் அடிபடுவார்கள் என்று மச்சான் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

நானே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் கனபேர் வருகிறார்களாம். அவர்களுக்கு அதைப் பிரெஞ்சில் போட வேணும். இத்தனை வருஷமாகப் பாரிஸில் இருக்கிற தம்பி வேறு எதற்கு இருக்கிறான்? கஷ்டமான சொல் ஒன்றும் இல்லை. 'கடலோரத்தில் ஒரு ஹோம்', 'ஹோம் சாப்பாடு', 'ஹோமில் இருக்கிற மாதிரி இருங்கள்' என்று வரும். கடைசி வரி, 'இது உங்களுக்கும் ஹோம்தான்'. எல்லாம் அந்த ஒரு சின்னச் சொல்தான். அரை மணி வேலை. சுணங்காதே.

உம்மா ஸலாம் சொன்னா. குளிருக்குத் தொப்பி போடுகிறாயா என்று கேட்கச் சொன்னா.

துஆவுடன்,
உன் ராத்தா சிபானா

*

பாரிஸ்,
2 பெப்ரவரி 2025

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபத்தில் இருப்பீங்க என்று தெரியும். போனின் கண்ணாடி உடைந்துபோனது, இன்னும் திருத்தவில்லை. நான் சுகம். கொஞ்சம் சளி, இந்தக் குளிருக்கு அது இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். உம்மாவிடம் தொப்பி போடுகிறேன் என்று சொல்லுங்க.

அரை மணி வேலை என்று எழுதியிருக்கிறீங்க. நீங்க ஒரு சொல்லை அனுப்பவில்லை ராத்தா, ஒரு சாக்கு மூட்டையை அனுப்பியிருக்கிறீங்க. உங்கட ஹோமுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இல்லை. மெஸோன் என்றால் சுவரும் கூரையும். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் அது மெஸோன்தான். லொஜ்மோன் என்றால் வாடகைக்கு இருக்கிற இடம். தொமிசில் என்றால் கடுதாசியில் எழுதுகிற விலாசம். எபெர்ஜ்மோன் என்றால் ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பது. ஃபுவாயே என்றால் முதலில் அடுப்பு, பிறகு அடுப்பைச் சுற்றி இருக்கிற குடும்பம். ஆனால் தனி ஆண்களைக் கட்டில் கட்டிலாக அடுக்கி வைக்கிற கட்டடத்துக்கும் இங்கே அதுதான் பேர்.

பிறகு ஷே என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. அதுதான் ஹோமுக்கு ஆகக் கிட்ட. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் வேணும். ஷே சிபானா என்றால் சிபானாவின் வீட்டில். ஷே நூ என்றால் எங்கட வீட்டில். இங்கே நடை பழகுகிற பிள்ளைக்கும் அது தெரியும்.

இதில் எந்த ஹோமை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாதியை அனுப்புகிறேன், மீதி பிறகு. இதை நூலகத்துக் கம்பியூட்டரில் அடிக்கிறேன். நல்ல சூடான இடம். திங்கட்கிழமை மட்டும் திறக்க மாட்டார்கள். இப்போது பூட்டுகிற நேரம், பெல் அடிக்கிறார்கள்.

மச்சானுக்கு ஸலாம்.

இன்பாஸ்

*

ஒலுவில்,
9 பெப்ரவரி 2025

தம்பிக்கு ராத்தாவின் ஸலாம்.

பாதி கிடைத்தது. பிரெஞ்சு எனக்கு விளங்காது என்றாலும் பார்க்க வடிவாக இருக்கிறது. நீ எழுதிய விளக்கத்தை வாசித்துவிட்டு மச்சான் சொன்னார், இவன் ஹோட்டல்ல கோழி வெட்டப் போனானா, மௌலவிக்குப் படிக்கப் போனானா என்று. அதுதான் நானும் கேட்கிறேன். பகல் நேரத்தில் நூலகத்தில் உனக்கு என்ன வேலை? உங்கட ஹோட்டலில் முதலாளி கம்பியூட்டர் வைத்திருந்தாரே.

உம்மாவுக்குச் சளி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. இரண்டு நாளாக ஒரே கேள்விதான்.

"அவன்ட புது ரூமுல ஜன்னல் எந்தப் பக்கம் இரிக்கி? கேட்டுச் சொல்லு மகள்."

பழைய அறையில் இருந்தபோது போனைத் திருப்பி ரயில் பாதையையும் புறாக்களையும் காட்டுவாய். போன வருஷம் ரூம் மாறினேன் என்றாய், அதற்குப் பிறகு ஒன்றும் காட்டவில்லை. உம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும், கடல் பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் படுத்தால் நெஞ்சு கட்டும். பாரிஸில் கடல் இல்லை என்று சொன்னேன். அப்ப அந்த ஊருல மனிசன் எப்படி மூச்சு விடுற என்று என்னிடம் கேட்கிறா. ஆகவே ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது, எனக்கும் நிம்மதி.

மச்சான் மேல்மாடிக்குப் பெயின்ட் அடிக்கிறார். மூலை அறைக்குக் கடல் நிறம் வேணும் என்று கல்முனைக்குப் போய், பச்சையோடு வந்து நிற்கிறார். கடல் பச்சைதானாம்.

மீதியைக் கெதியாக அனுப்பு. நெஞ்சில் தேங்காயெண்ணெய் பூசு.

சிபானா

*

பாரிஸ்,
5 மார்ச் 2025

ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் மச்சானுக்கும் நோன்பு கால ஸலாம்.

சுணங்கியதற்கு மன்னிக்க வேணும். சளி குறைவு. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் இருந்துகொண்டிருக்கிறது.

இங்கே நோன்பு நல்லபடி போகிறது. ஒவ்வொரு நாளும் பள்ளிவாசலில்தான் நோன்பு திறக்கிறேன். பேரீச்சம்பழம், ஒரு கோப்பை சூப், ரொட்டி. மொரோக்கோக்காரர், மாலிக்காரர் எல்லாம் ஒரே பாயில். பக்கத்தில் இருக்கிறவர் யார், எங்கே இருந்து வாறார் என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு நிம்மதி. எங்கட கஞ்சியின் ருசி மட்டும் நாக்கில் வந்து வந்து போகிறது.

மச்சான் கேட்டதற்குப் பதில்: கோழியும் வெட்டினேன், ஓதவும் செய்கிறேன்.

ஜன்னலைப் பற்றி உம்மா கேட்டா. இந்த ஊரில் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரித்தான். ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் கண்ணாடி. அப்படியே சொல்லிவிடுங்க.

மீதி மொழிபெயர்ப்பு இத்துடன் இருக்கிறது. கடைசி வரி மட்டும் பாக்கி. 'இது உங்களுக்கும் ஹோம்தான்' என்பதைப் பலவிதமாக எழுதி அழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லைப் போட்டாலும் பொய் மாதிரி கேட்கிறது. யோசித்து அனுப்புகிறேன்.

துஆச் செய்யுங்க.

இன்பாஸ்

*

ஒலுவில்,
2 ஏப்ரல் 2025

தம்பி இன்பாஸுக்கு,

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஸலாம். எங்கள் சுகத்தில் குறை இல்லை. உன் சுகத்தைப் பற்றி எழுத எனக்கு வாய் வருகுதில்லை.

பெருநாளன்று நீ ஏன் எடுக்கவில்லை? உம்மா தொழுதுவிட்டு வந்து, புதுச் சாரியைக் கட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் இருந்தா. வட்டிலப்பத்தை ஒரு துண்டு வெட்டி மூடி வைத்தா. ஆருக்கும்மா அது என்று கேட்டதற்கு, சும்மா கிடக்கட்டும் என்றா. எனக்குக் கோபம் வந்தது தம்பி. ஒளிக்காமல் சொல்கிறேன், உன் மேல் சரியான கோபம் வந்தது. கண்ணாடி உடைந்த போனுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கிறவனின் போனை ஒரு நிமிஷம் வாங்கக் கூடாதா?

சரி. பக்கம் இன்டர்நெட்டில் வந்துவிட்டது. மேலே வீட்டின் படம், கீழே உன் பிரெஞ்சு. மச்சான் போகிற வருகிற ஆட்களையெல்லாம் பிடித்துக் காட்டுகிறார். கடைசி வரி மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. அதை முடித்துத் தா. ஒரு வரிக்கு இத்தனை மாசமா?

ராத்தா

*

பாரிஸ்,
19 ஏப்ரல் 2025

ராத்தா,

ஸலாம். பெருநாள் நல்லபடி போனது. உம்மாவிடம் என் ஸலாத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டதாகச் சொல்லுங்க. வட்டிலப்பத்தை எனக்காக நீங்களே தின்றிருப்பீங்க என்று நம்புகிறேன்.

கடைசி வரி வருகுதில்லை. அதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்க.

இன்பாஸ்

*

ஒலுவில்,
14 மே 2025

தங்கச்சி றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லியோனில் நீயும் உன் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம் என்று சாச்சி சொன்னா, அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சாச்சியிடம் மூச்சும் விடாதே. உன் உம்மாவின் காதில் விழுந்தால் பொழுது படுவதற்குள் என் உம்மாவின் காதுக்கு வந்துவிடும்.

போன கிழமை எங்களுக்கு முதல் பிரெஞ்சுக்காரி வந்தாள். சொலேன் என்று பேர். மூலை அறையில்தான் இருந்தாள். நல்ல பெண், உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவப் பழகினாள். போகிற அன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பிரெஞ்சுப் பக்கத்தை எழுதியது யார் என்று கேட்டாள். என் தம்பி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பிழை ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இல்லையாம், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கிறதாம். ஹோம் வருகிற இடமெல்லாம் எபெர்ஜ்மோன், தொமிசில் என்றே எழுதியிருக்கிறான். ஒரு சின்னப் பிள்ளையும் சொல்கிற ஷே நூ ஓர் இடத்திலும் இல்லை. அவள் அங்கே ஒரு நகரசபையில் கவுண்டரில் இருக்கிறவள். நாள் முழுக்கத் தான் அடிக்கிற சொற்கள் இவைதான் என்றாள். அந்தச் சொற்களைத் தேடி வருகிறவர்கள் கையில் ஒரு பையோடு வருகிறவர்கள் என்றும் சொன்னாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் தம்பி எங்கே இருக்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பாரிஸில் என்றேன்.

"பாரிஸில் எங்கே?"

கூடப்பிறந்தவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு அவனுடைய கடிதங்களைத் திருப்பி வாசித்தேன். பகல் முழுக்க நூலகம், சூடான இடம் என்கிறான். ஒவ்வொரு நாளும் பள்ளியில் நோன்பு திறக்கிறான். ஜன்னலைக் கேட்டால் கதையை மாற்றுகிறான். மற்றப் பிள்ளைகளின் கொப்பியில் பிழை பிடிக்கிற எனக்கு இது ஒன்றும் கண்ணில் படவில்லையே.

எங்கட வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பாவின் வீடு என் பேரில் வந்தது. அவன் கலியாணம் முடித்து நிந்தவூரில் பெண்சாதியின் வீட்டுக்குப் போனான். அது முறிந்த அன்று ஒரு பையோடு வெளியே வந்தான், அந்தப் பையோடுதான் பிரான்சுக்கும் போனான். அங்கே உழைத்ததை எனக்கு மேல்மாடியாகக் கட்டித் தந்தான். அவனுக்கு என்று இங்கே ஒரு கதவு இல்லை. கேட்டு வருகிறவனும் இல்லை அவன்.

நீயும் அதே நாட்டில்தானே இருக்கிறாய், அவனைத் தேடிப் பிடி. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

சிபானா ராத்தா

*

லியோன்,
27 மே 2025

சிபானா ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். முதலில் ஒன்று சொல்கிறேன். நான் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் இன்பாஸ் காக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் நீங்க வாசிப்பது நான் சொல்லாதது.

என் மாப்பிள்ளை காக்கா வேலை செய்த ஹோட்டலில் விசாரித்தார். முதலாளி போன வருஷமே ஹோட்டலை விற்றுவிட்டாராம். வேலை போன பிறகு காக்கா கொஞ்ச காலம் சினேகிதர்களின் அறைகளில் மாறி மாறிப் படுத்திருக்கிறார். பிறகு அவர்களுக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று விலகிவிட்டாராம். ஆளைப் பார்க்க வேணுமென்றால் நூலகத்துக்குப் போகச் சொன்னார்கள். சனிக்கிழமை ரயிலெடுத்துப் போனேன்.

ஜன்னலோரத்தில் இருந்தார். மெலிந்துபோனார் ராத்தா. சேவ் எடுத்து, சேர்ட் எல்லாம் துப்புரவு. ஆனால் மேசைக்குக் கீழே ஒரு பெரிய பை, காலை அதன் மேல் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் முதலில் சிரித்தார், பிறகு பையைக் காலால் உள்ளே தள்ளினார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அரசாங்கம் நடத்துகிற தங்குமிடத்தில் இரவுக்குக் கட்டில் கொடுக்கிறார்கள். காலையில் பையோடு வெளிக்கிட வேணும். பின்னேரம் திரும்பவும் கேட்க வேணும், சில நாள் கிடைக்கும், சில நாள் இல்லை. விசாக் கடுதாசி எல்லாம் சரியாக இருக்கிறது. வேலைதான் இல்லை, நெஞ்சும் சரியில்லை. லியோனுக்கு வரச் சொன்னேன், எங்கள் இரண்டு அறைக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டார். அப்ப ஊருக்குப் போங்க காக்கா என்றேன்.

"எங்க போற றஸ்னா? அது ராத்தாட வீடு. இப்ப அதுல அறை வாடகைக்கு விட்டுத்தான் அதுகள் சோறு தின்னுதுகள். நான் போய் மச்சான்ட காலுக்குள்ள கிடக்கவா?"

இதுதான் அவர் சொன்னது. நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

றஸ்னா

*

ஒலுவில்,
3 ஜூன் 2025

மச்சான் இன்பாஸுக்கு,

றாஸிக் எழுதிக்கொள்வது. ஸலாம். நான் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன சொல் கேட்குதில்லை. கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன் ராத்தா சுற்றி வளைத்து எழுதுவா, எனக்கு அது வராது.

நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நான் ஒரு பழைய கதை சொல்கிறேன். நிக்காஹ் முடிந்து சம்மாந்துறையில் இருந்து நான் உங்கட வீட்டுக்கு வந்த அன்று, என் பெட்டியின் கைபிடி ரோட்டிலேயே கழன்றுபோனது. புது மாப்பிள்ளை, பட்டுச் சேர்ட்டோடு முழித்துக்கொண்டு நின்றேன். நீ வந்து பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாய். அப்போது நீ ஓ.எல். பரீட்சை கூட எழுதவில்லை. அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூரையில் எந்த இடம் ஒழுகும், கட்டிலை எங்கே இழுக்க வேணும் என்று காட்டினாய். அது உன் அறை என்று எனக்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரியும். நீ வெளி விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தாய். கச்சான் காற்றுக்கு மணலெல்லாம் உன் மேலேதான். கலியாணம் முடித்துப் போகும் வரைக்கும் ஒரு நாள் முகம் சுளித்ததை நான் காணவில்லை.

அந்த அறையை நான் இன்னும் உனக்குத் திருப்பித் தரவில்லை மச்சான்.

இன்னொன்று. மச்சானின் வீட்டில் போய் எப்படி இருப்பது என்று ஒருவன் யோசிக்கலாம். எந்த மச்சானின் வீடு? வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார். இந்த வீட்டில் ஓர் ஓடும் என் பேரில் இல்லை. நானும் பெட்டியோடு வந்தவன்தான், வந்து இத்தனை வருஷமாக வெட்கமில்லாமல் சோறு தின்கிறேன். இங்கே பிறந்த உனக்கு என்ன வெட்கம்?

வயல் அடுத்த போகத்துக்கு ஆயத்தம். தனியே ஏலாது. பிரெஞ்சுக்காரர் வந்தால் நான் கையையும் காலையும் ஆட்டிக் கதைத்து, போன முறை சுடுதண்ணி கேட்டவளுக்குக் குரும்பை வெட்டி இளநீர் கொடுத்தேன். எனக்கு ஆள் வேணும். சும்மா இருக்க உன்னைக் கூப்பிடவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மாவுடன் கதை.

றாஸிக்

*

ஒலுவில்,
4 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மச்சான் ஏதோ எழுதினாராம், எனக்குக் காட்டவில்லை. எழுதி முடிக்கும் வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார், வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. பெயின்ட் மணம் என்கிறார். பெயின்ட் அடித்து நாலு மாசம்.

பிரெஞ்சுப் பக்கத்தில் இரண்டு திருத்தம் இருக்கிறது. நீதான் செய்ய வேணும்.

நாலு அறை என்று எழுதியிருக்கிறாய். அதை மூன்று அறை என்று மாற்று. மேல்மாடி மூலை அறையின் படத்தையும் எடுத்துவிடு. அந்த அறைக்கு ஆள் வந்துவிட்டது. நல்ல அறை, நல்ல வாடகை வரும் என்று நீ நினைப்பாய். மூன்று அறையில் எங்களுக்குக் காணும். நான் ஆங்கில டீச்சர்தான் என்றாலும் கணக்கும் தெரியும்.

மற்றது, அந்தக் கடைசி வரி. அதை மொழிபெயர்க்க வேண்டாம், அழித்துவிடு. வாடகை கொடுத்துப் போகிறவர்களுக்கு அப்படி எழுதியது என் பிழை. அது ஓர் ஆளுக்குச் சொல்கிற வரி. அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும்.

உம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூலை அறையை இனிக் கொடுக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அந்த அறை மெத்தையை முற்றத்தில் வெயிலுக்குப் போட்டுத் தடியால் தட்டிக்கொண்டு நிற்கிறா.

ராத்தா

*

பாரிஸ்,
15 ஜூன் 2025

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமில்லை. இத்தனை மாசமாகச் சுகம் சுகம் என்று எழுதியதெல்லாம் பொய். இப்போது எழுதும்போது கொஞ்சம் சுகமாக இருக்கிறது.

மச்சானின் கடிதத்தை நூலகத்தில் வாசித்தேன். அழுதுவிட்டேன். பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கிழவி டிஷ்யூ பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டா. அது முடியுமட்டும் அழுதேன்.

நீங்க சொன்னபடி பக்கத்தைத் திருத்திவிட்டேன். மூன்று அறை. படத்தையும் எடுத்தாயிற்று. கையோடு எபெர்ஜ்மோன், தொமிசில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். வாசிக்க வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது, யாரோ வரிசையில் நின்று எழுதிய மாதிரி. இப்போது மேலே ஷே நூ என்று போட்டிருக்கிறேன். கடைசி வரியை அழித்துவிட்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நான் எதையும் கேட்க முன்பே றஸ்னாவும் அவள் மாப்பிள்ளையும் டிக்கெட் போட்டுவிட்டார்கள். அவளைத் திட்டாதீங்க, அவள் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறாள். ஜூலை முதல் கிழமை வருகிறேன், இன்ஷா அல்லாஹ். கச்சான் காலம்தான், பரவாயில்லை. மச்சானிடம் சொல்லுங்க, என் பைக்கும் கைபிடி இல்லை. தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க ஓர் ஆள் வேணும். முழங்காலைச் சாட்டாக வைத்துத் தப்ப ஏலாது.

உம்மா பெப்ரவரி தொடக்கம் ஒரு கேள்வி கேட்டா, நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லுங்க. என் அறை ஜன்னல் கடல் பக்கம்.

உங்கட தம்பி,
இன்பாஸ்